அடிக்கடி முட்டும் சலம்: மாமி மறுபடி வெளிக்கிட்ட கதை

மாமி செத்தவீடுகளுக்குப் போவதை நிறுத்தியபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்கு விளங்கியது. முல்லைத்தீவில் எங்கள் முத்தையன்கட்டுப் பக்கத்தில் செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவது சின்ன விசயம் இல்லை. வருசக்கணக்காகக் கதை பேச்சில்லாதவர்கள்கூட அன்றைக்குப் போய்ப் பந்தலுக்குள் ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவார்கள். மாமி கால் உளைகிறது என்றார். பிறகு கல்யாணவீடுகள் நின்றன. ஒட்டுசுட்டானுக்குச் சாமான் வாங்கப் போவது நின்றது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்கவே மாட்டாதவர், "இங்க இருந்தே கும்பிடுறன்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாட்டு. உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். போகிற இடத்தில் கக்கூஸ் எங்கே இருக்கும், எவ்வளவு தூரம், ஆட்கள் வரிசையில் நிற்பார்களா?

வாய் திறந்து சொல்லவில்லை. விடியப்புறம் நாங்கள் எழும்ப முன்னம் கிணற்றடியில் பாவாடை தோய்ப்பார். தோய்த்ததைக் கொடியில் போடமாட்டார், கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிளுவை வேலியில் விரிப்பார். நான் மருமகள்தானே. மகளிடம் என்றால் சொல்லியிருப்பாரோ என்னவோ, மகள் கனடாவில்.

ஒருநாள் நானாகவே கேட்டேன். "மாமி, சலம் முட்டினா அடக்க ஏலாமல் இருக்கோ?"

"வயசு போனா எல்லாருக்கும் உதுதானே பிள்ளை. என்ர அம்மாவும் உப்பிடித்தான் இருந்தவ."

இந்தக் கதையோடுதான் எனக்குக் கோபம். வயது போகப் போக இந்தத் தொல்லை கூடுதலான ஆட்களுக்கு வருகிறது என்பது உண்மை. வந்தால் ஒன்றும் செய்ய ஏலாது என்பது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் எங்கள் ஊரில் எத்தனையோ அம்மாமார் வீட்டு விறாந்தையோடு நின்றுவிட்டார்கள்.

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. 300, 400 மில்லிலீட்டர் சேரும்வரை அது தளர்ந்து கிடக்க வேண்டும். இந்த வருத்தத்தில் பாதி நிரம்ப முன்னமே தசை தன்பாட்டில் சுருங்கத் தொடங்கிவிடும். ஆளுக்குத் தெரிவதெல்லாம் இப்பவே போகவேண்டும் என்ற அந்தரம்தான். டொக்டர்மார் இதை ஓவர் அக்டிவ் பிளாடர் என்கிறார்கள். அந்த அடக்கமுடியாத அவசரம்தான் முதல் அடையாளம். கூடவே அடிக்கடி போவதும், இரவில் எழும்புவதும் இருக்கும். சிலருக்குப் போய்ச் சேர முன்னம் ஒழுகும், சிலருக்கு ஒழுகாது. இருமும்போதும் தும்மும்போதும் பாரம் தூக்கும்போதும் ஒழுகுவது வேறு. அது பையைக் கீழிருந்து தாங்குகிற அடித்தசை தளர்ந்ததால் வருவது. வயதான பெண்கள் பலருக்கு இரண்டும் கலந்திருக்கும், அதனால் எது எப்போது என்று டொக்டரிடம் பிரித்துச் சொல்லவேண்டும்.

சொல்வதுதான் பெரும்பாடு. மாமிக்கு வயது 74. சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் மாதாமாதம் கிளினிக் உண்டு. அங்கே மேசையைச் சுற்றி அடுத்த நம்பர்க்காரர் மூன்று பேர் நிற்பார்கள், எதிரே பேரன் வயதில் ஒரு டொக்டர். மாமி "சுகமா இருக்கிறன் மகன்" என்று சொல்லிக் கொப்பியை நீட்டுவார், குளுசையை வாங்குவார், வருவார். அதனால் நான் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். முட்டினால் அடக்க முடியவில்லை, இரவில் நாலு தரம் எழும்புகிறார், போகிற வழியில் உடுப்பு நனைகிறது, ஒருக்கா விழப்பார்த்தார். டொக்டர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலுக்குக் கூட்டிப்போய்ப் பக்குவமாகக் கேட்டார். வாயால் சொல்ல வெட்கமென்றால் எழுதிக் கொடுங்கள். அது போதும்.

மாமி கேட்ட முதல் கேள்வி, "கிட்னி பழுதோ?" பதவியா, மதவாச்சி, வவுனியா பக்கமெல்லாம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் இருப்பதால் சலத்தில் என்ன மாற்றம் வந்தாலும் எங்கள் சனத்துக்கு முதலில் அந்தப் பயம்தான். அதற்கு இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். மாமிக்கு அது சரியாக இருந்தது. சலத்தில் கிருமி இருக்கிறதா, சீனி எந்த மட்டத்தில் நிற்கிறது, போய் முடித்த பிறகும் பையில் மிச்சம் தங்குகிறதா என்று ஸ்கேன், இவ்வளவும் பார்த்த பிறகுதான் சிகிச்சைக் கதை தொடங்கியது. சலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கடுப்பு இருந்தாலோ, முட்டியும் போக முடியாமல் அடைத்தாலோ கிளினிக் திகதி பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே போகவேண்டும்.

பிறகு மிஸ்ஸி, அதுதான் கிளினிக் தாதி, ஒரு வேலை தந்தார். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு போனது, என்ன குடித்தது, அவசரமாக வந்ததா என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். அளக்க என்ன செய்வது? பழைய பால்மாப் பேணி ஒன்றை எடுத்து, பேரப்பிள்ளையின் மருந்துப் போத்தலோடு வந்த சின்னக் கோப்பையால் தண்ணீரை அளந்து ஊற்றி, 100, 200, 300 என்று ஆணியால் உள்பக்கம் கீறினோம். மாமிக்கு முதலில் அருவருப்பு. இரண்டாம் நாள், "இப்ப நூற்றுக்குக் கீழ பிள்ளை, எழுது" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தக் கொப்பி சொன்ன கதையை யாரும் எதிர்பார்க்கவில்லை. பகலில் 80, 100, 120 என்று சொட்டுச் சொட்டாக. இரவிலோ ஒவ்வொரு தரமும் 300, 350. பகல் தொல்லை பையின் தொல்லை. இரவுத் தொல்லை அது இல்லை, சலமே கூடுதலாக ஊறுகிறது. ஒரு நாளைக்குப் போகிற மொத்தச் சலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் அதைத் தனியாகக் கவனிக்கவேண்டும் என்றார் டொக்டர். மாமி பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டபடி விறாந்தையில் இருப்பவர். காலில் வீக்கம். படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிப்பினும் சிலருக்குக் காலை வீங்கவைக்கும்.

இன்னொன்றும் வெளிவந்தது. கால் வீக்கத்துக்குக் கொடுத்த தண்ணிக் குளுசையை, அதுதான் ஃபுருசமைட், காலையில் போட்டால் பஸ்ஸில் முட்டும் என்று மாமி தானாகவே இரவுக்கு மாற்றியிருந்தார். பிறகு இரவு நாலு தரம் எழும்பாமல் என்ன செய்யும்! டொக்டர் அதைப் பின்னேரம் இரண்டு மணிக்கு மாற்றினார், பிரஷர்க் குளுசையையும் ஒருக்காப் பார்த்து எழுதினார். மாலையில் ஒரு மணித்தியாலம் காலை உயரவைத்துச் சாய்ந்திருக்கச் சொன்னார். சாக்குக் கட்டிலில் இரண்டு தலையணை போட்டால் போதும். இரவு எழும்புவது இதிலேயே பாதியாகக் குறைந்தது, பைக்கென்று ஒரு குளுசையும் தொடங்க முன்னம். குளுசை நேரங்களை நீங்களாக மாற்றாதேயுங்கோ, ஆனால் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதை டொக்டருக்குச் சொல்லுங்கோ. அவர்களாகக் கேட்பது குறைவு.

சீனி கூடினாலும் சலம் கூடும். சீனி தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் வெளியேறும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சீனிக் குளுசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன, அதைப் போடுகிறவர்கள் அதையும் நினைவில் வைக்கவேண்டும்.

குடிக்கிற விசயம். முட்டும் என்று பயந்து மாமி தண்ணீரையே விட்டிருந்தார். சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் வன்னி வெயிலில் நாக்கு உலர்ந்து இருந்தார், சலம் கடும் மஞ்சள். கடுமையான சலம் பையை இன்னும் உறுத்தும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலம் இறுகி நின்றால் பையை நெருக்கும். பிறகு அந்தரம் கூடும், ஆள் தண்ணீரை இன்னும் குறைப்பார். இதய, சிறுநீரக வருத்தம் இல்லாதவருக்கு நாளுக்கு ஒன்றரை லீட்டர் அளவு வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. அதில் பெரும்பங்கைப் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் குடித்து முடிப்பது. தேத்தண்ணிதான் போராட்டம். வருகிற ஆளுக்கெல்லாம் ஊற்றும்போது தனக்கும் ஒரு கோப்பை ஊற்றிக்கொள்கிறவர் மாமி. தேயிலையில் இருக்கிற கஃபீன் பையைக் கிளறும். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என்று ஒப்பந்தம் செய்தோம். நாலு மணிக்குப் பிறகு வெறும் சுடுதண்ணி. இதற்கிடையில் பக்கத்துவீட்டு அக்கா அன்பாக நீர்முள்ளிக் கசாயம் அவித்துக் கொண்டுவந்தார். நீர்முள்ளி சலத்தைப் பெருக்குகிற மூலிகை. அன்பை வாங்கிக்கொண்டு கசாயத்தை வாழையடியில் ஊற்றினோம்.

இனிப் பயிற்சி. இதைத்தான் நான் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசு இல்லை, பக்கவிளைவு இல்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

மாமிக்கு ஒரு பழக்கம். வெளிக்கிட முன்னம் ஒருக்கா, சாப்பிட முன்னம் ஒருக்கா, படுக்க முன்னம் இரண்டு தரம், முட்டாவிட்டாலும் போய்வைப்பார். 2009 இல் சண்டையால் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் கக்கூஸ் வரிசையில் நின்று பழகியது என்பார். "முட்டின பிறகு போனால் முடிஞ்சுது கதை, அப்ப." அதுதான் வருத்தத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முகாமில் இருந்த அவர் வயதுப் பெண்கள் பலரிடம் இதே பழக்கத்தைப் பார்க்கிறேன். முன்கூட்டியே போய்ப்போய்ப் பழகினால் பை கொஞ்சத்துக்கே போகச் சொல்லும். பயிற்சி இதற்கு நேர் எதிர்: நேரம் வைத்துப் போய், அந்த இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டுவது.

கொப்பியைப் பார்த்தால் மாமிக்கு வசதியாகத் தாங்குகிற இடைவெளி ஒரு மணித்தியாலம். அங்கிருந்து தொடக்கம். முட்டினாலும் முட்டாவிட்டாலும் மணிக்கு ஒருக்காப் போவது, இடையில் போகாமல் பார்ப்பது. ஒரு கிழமை சரியாக வந்தால் கால் மணித்தியாலம் கூட்டுவது. இரண்டரை, மூன்று மணித்தியாலம் வரை கொண்டுபோவதுதான் நோக்கம். ஆறு கிழமையாவது தொடர்ந்தால்தான் பலன் தெரியும். இது பகலுக்கு மட்டும், இரவில் எழும்பினால் போய்விடுவதுதான்.

இடையில் அந்தரம் வந்தால்? ஓடக்கூடாது. மிஸ்ஸி சொன்னது மாமிக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது: கயிற்றை இழுக்கிற கன்றோடு சேர்ந்து ஓடினால் அது இன்னும் இழுக்கும், காலை ஊன்றி நின்றால் கயிறு தளரும். அந்த இடத்திலேயே நின்று, முடிந்தால் கதிரை விளிம்பில் இருந்து, அடித்தசையை டக் டக்கென்று ஐந்தாறு தரம் இறுக்கி விடவேண்டும். மனதை வேறு எதிலாவது கொடுக்கவேண்டும். மாமி ஒரு தேவாரத்தை மனதுக்குள் முழுக்கச் சொல்வார். அந்தரம் தணியும். தணிந்த பிறகு, ஆறுதலாக நடந்து போவது. ஓடுகிறபோதுதான் ஒழுகும், ஓடுகிறபோதுதான் விழுவார்கள்.

அடித்தசைப் பயிற்சி தனி. சபையில் காற்றுப் போகாமல் அடக்குவது எப்படி? அந்த இறுக்கம்தான். வயிறு இறுகக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது, தொடை நெருக்கக்கூடாது. மெல்ல இறுக்கிக் கொஞ்சம் பிடித்து விடுவது, எட்டுத் தரம், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சலம் போகும்போது இடையில் நிறுத்திப் பழகுவது நல்லதல்ல. முதல்நாள் மாமி, "இந்த வயசில இதென்ன கூத்து" என்று சிரித்தார். பிறகு ரீவி நாடகத்தில் விளம்பரம் வரும்போதெல்லாம் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். அப்போது யாரும் கதை கொடுக்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பகல் அந்தரம் முழுக்கப் போகவில்லை, அதனால் குளுசை. ஒக்சிபியூட்டினின், டொல்டெரோடின், சொலிஃபெனசின் எல்லாம் ஒரு வகை. பைத்தசையின் துடிப்பை அடக்கும், ஆனால் வாய் உலரும், மலம் இறுகும், கண் மங்கும், வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் வரலாம். அதிலும் ஒக்சிபியூட்டினின் தளர்ந்த வயதானவர்களுக்கு நல்ல தெரிவல்ல என்றார் டொக்டர். ஒரு வகைக் கண்ணழுத்த வருத்தம் உள்ளவர்களும் பையில் சலம் தங்குகிறவர்களும் கவனிக்கவேண்டும். இதே குணமுள்ள வேறு மருந்துகளோடு சேர்ந்தால் தடுமாற்றம் கூடும். அந்தப் பட்டியலில் அமிட்ரிப்டிலின் இருக்கிறது, சளிக்கும் சொறிக்கும் நித்திரைக்கும் எல்லா வீட்டிலும் கிடக்கிற பிரிட்டன் (Piriton) குளுசையும் இருக்கிறது. மாமியின் தலையணைக்குக் கீழேயும் ஒரு அட்டை கிடந்தது. அது நின்றது.

சொலிஃபெனசின் 5 மில்லிகிராமில் தொடங்கினோம். அந்தரம் குறைந்தது உண்மை. ஆனால் வாய் உலர்ந்து இரவில் தண்ணீர் தேடினார், மலச்சிக்கல் வேறு. அடுத்த கிளினிக்கில் மிராபெக்ரோன் 25க்கு மாற்றினார்கள். இது வேறு வழியாகப் பையைத் தளர்த்துவது, வாயை அவ்வளவு உலர்த்தாது. பிரஷரைக் கூட்டலாம், அதனால் அளந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், கட்டுக்கடங்காத பிரஷர்க்காரருக்குக் கொடுக்கமாட்டார்கள். வெளியே பார்மசியில் வாங்கத்தான் எழுதித் தந்தார்கள், மலிவும் இல்லை. எந்தக் குளுசையானாலும் நாலைந்து கிழமை போனால்தான் பலனைத் தீர்மானிக்கலாம், மூன்றாம் நாளே "ஒண்டும் மாறேல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இதற்கும் அடங்காவிட்டால் பைக்குள் பொட்டொக்ஸ் ஊசி, கணுக்காலுக்குப் பக்கத்து நரம்பில் மெல்லிய மின்தூண்டல் என்று வழிகள் இருக்கின்றன. மின்தூண்டலுக்குக் கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் வீதம் பன்னிரண்டு கிழமை போகவேண்டும். முத்தையன்கட்டிலிருந்து அது நடக்கிற காரியமா? நல்லகாலம், தேவைப்படவில்லை.

வளவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி விசயம் விடுபடும். வீட்டுத்திட்ட வீடுகளில் கக்கூஸ் கூடுதலாகப் பின்வளவில்தான். இரவில் யானை வருகிற பக்கம், பாம்பும் உண்டு. அவசரமாக வருகிற ஒரு 74 வயது ஆள் இருட்டில் அந்தத் தூரம் போவதைப்போல ஆபத்து வேறில்லை. இடுப்பெலும்பு உடைந்தால் பிறகு சலக்கதை சின்னக்கதை ஆகிவிடும். அதனால் இரவுக்கு அறைக்குள்ளேயே, தச்சரிடம் சொல்லி இருக்கையில் ஓட்டை வைத்துச் செய்வித்த பாரமான மரக்கதிரையும் கீழே மூடியுள்ள வாளியும். பகலுக்குக் கக்கூஸ் வரை பாதையைச் சமன்படுத்தி ஒரு பல்ப், உள்ளே பிடித்து எழும்ப ஜீஐ பைப் ஒன்று. கைப்பிடி, ஊன்றுகோல் போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒழுகியதில் பாதிக்குக் காரணம் ஒரு முடிச்சு என்பதையும் இந்த நேரத்தில்தான் பார்த்தோம். பாவாடை நாடா. விரல் மூட்டு வீங்கிய கையால் அந்த இறுக்கமுடிச்சை அவிழ்க்க முன்னம் ஒழுகிவிடும். எல்லாப் பாவாடைக்கும் நாடாவை உருவிவிட்டு இலாஸ்டிக் போட்டேன். எந்தக் குளுசையும் அவ்வளவு கெதியில் வேலை செய்யவில்லை.

பாம்பேர்ஸ் தூரப்பயணத்துக்கு மட்டும். எப்போதும் போட்டால் செலவும் வெக்கையும், தோல் வெந்துபோகும். கழற்றியதும் கழுவி ஒற்றி உலர்த்தி வஸ்லின் பூசுவோம்.

இதையெல்லாம் கேள்விப்பட்டுப் பக்கத்துவளவுப் பெரியப்பா, "மாமியின்ர குளுசையில ரெண்டு தா பிள்ளை, எனக்கும் உதே வருத்தம்தான்" என்று வந்தார். கொடுக்கவில்லை. ஆண்களுக்குப் புரொஸ்டேட் வீங்கியும் இதே மாதிரி அடிக்கடி முட்டும், அந்த நிலையில் பையைத் தளர்த்துகிற மருந்தைப் போட்டால் சலம் முழுக்க அடைத்துவிடலாம். அவருக்கு அதுதான் இருந்தது. டாம்சுலோசின் போடுகிறார், எழும்பும்போது தலை சுற்றாமல் ஆறுதலாக எழும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

கிளினிக்கில் டொக்டர் இப்போது எத்தனை தரம் போகிறது என்று முதலில் கேட்பதில்லை. "அம்மா எங்க போய்வந்தனீங்கள்?" என்றுதான் கேட்கிறார். போன தடவை மாமி, கூழாமுறிப்பில் ஒரு செத்தவீட்டில் எடுக்கும்வரை இருந்ததை விவரமாகச் சொன்னார், யார் யார் வந்தார்கள் என்பது உட்பட. அடுத்த நம்பர்க்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

முழுக்கச் சுகம் என்று சொல்லமாட்டேன். பஸ்ஸென்றால் இன்னும் பயம், ஓட்டோ பிடிக்கச் சொல்லுவார். இப்போது மாரி. குளிருக்குச் சலம் கூடுகிறது, வியர்வை இல்லை, தேத்தண்ணி ஒப்பந்தமும் மீறப்பட்டிருக்கிறது. இரண்டரை மணித்தியாலத்தில் நின்றது ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. பேணியைத் திரும்பவும் கழுவி எடுத்து மூன்று நாள் கணக்கு எழுதத் தொடங்கியிருக்கிறோம், வருகிற கிளினிக்குக்குக் கொண்டுபோக.